ஊசி தேடும் இயந்திரமும் என் ரீல்ஸும்

போன வருடம் மூன்றாம் ஆண்டுத் தேர்வுகள் முடிந்த கையோடு, திருப்பூரில் கைக்குழந்தைகளுக்கான பனியன் உடைகளைத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. நான் படித்துக்கொண்டிருந்தது எலெக்ட்ரானிக்ஸ் அண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன். வீடு அவிநாசியில். காலையில் எட்டு மணி பஸ், சாயங்காலம் நாலேகால் பஸ்.

அப்போது எனக்கு இரண்டு உலகம். ஒன்று கல்லூரி. இன்னொன்று இன்ஸ்டாகிராமில் நான் நடத்திய பக்கம். இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பெண்ணின் தினசரி வாழ்க்கை என்று ஆரம்பித்தது. இன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறேன், என்ன சர்க்யூட் செய்தேன், காலையில் எழுந்ததும் மனதுக்கு ஒரு தெம்பு வரி, இவைதான் அதில் இருக்கும். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். கடைகளில் வாங்கும் குர்தாக்களுக்கு நானே பாக்கெட் தைத்துக்கொள்வேன். அந்தப் பாக்கெட் வீடியோதான் என் பக்கத்தில் அதிகம் ஓடியது. பெண்கள் உடைக்கு ஏன் பாக்கெட் வைப்பதில்லை என்று அதில் ஆவேசமாகப் பேசியிருப்பேன்.

கம்பெனியில் என்னை பேக்கிங் பிரிவில் விட்டார்கள். அங்கே இருந்த நீடில் டிடெக்டர்தான் நான் படிக்கவேண்டிய இயந்திரம். தையல் மெஷினில் ஊசி உடைவது அன்றாடம் நடப்பது. உடைந்த முனை ஒரு நூலிழை அளவுக்குத் துணியில் செருகிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. குழந்தையின் கழுத்திலோ இடுப்பிலோ அது குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் தைத்து முடித்த ஒவ்வொரு உடையும் ஒரு பெல்ட்டில் ஏறி, சின்னச் சுரங்கம் போன்ற ஒரு பெட்டிக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். இரும்புத் துணுக்கு இருந்தால் பெல்ட் நின்று மணி அடிக்கும். அதில் தேறி வருவதுதான் கவருக்குள், பிறகு அட்டைப்பெட்டிக்குள் போகும். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறவர்கள் ஊக்கு, ஹேர்பின், வாட்ச், போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

முதல் வாரத்திலேயே ஒரு காட்சி பார்த்தேன். தையல் பிரிவில் ஒரு அக்காவின் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. மொத்த வரிசையையும் நிறுத்திவிட்டார்கள். அந்த அக்கா தரையில் முட்டிபோட்டு, கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினார். மெஷின் காலுக்கு அடியில் கிடைத்ததும் அதை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கொடுத்தார்கள். ஒரு துணுக்குக்கு இவ்வளவா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. அதைப் பற்றி ஒரு வீடியோ போடலாம் என்று உடனே தோன்றியது. அப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன். நான் எது கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். பெல்ட்டைத் துடைக்கும்போது ஓட்டுவதற்கென்று அதில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் பெல்ட் மட்டும் ஓடும், இரும்பைத் தேடுகிற வேலை நின்றுவிடும். பச்சை விளக்குக்குப் பதில் ஒரு மூலையில் ஆரஞ்சு விளக்கு எரியும். அந்தச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கவேண்டும் என்பது விதி. அன்றைக்கு, மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பெல்ட்டைத் துடைத்துவிட்டுச் சாவியை மெஷினிலேயே விட்டுவிட்டார். பதினொரு மணி டீக்கு எல்லோரும் கிளம்பினார்கள். "ஒரு டீய குடிச்சிட்டு வந்திருதேன், மெசின பாத்துக்கிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியரிங் படிக்கிற பெண் என்று என்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

போன் என் குர்தா பாக்கெட்டில் இருந்தது. வாசலில் கொடுக்காமல் மூன்று வாரமாக அப்படித்தான் உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஷாட். போனையே பெல்ட்டில் நிற்கவைத்து, அந்தச் சுரங்கத்துக்குள் அனுப்பி, இருட்டுக்குள் போய் வெளிச்சத்துக்கு வருவதைப் படமெடுக்கவேண்டும். அதன்மேல் ஒரு வரி போடலாம்: 'இருட்டைக் கடந்தால்தான் வெளிச்சம்.' போன் போனால் மெஷின் நின்றுவிடும் இல்லையா? அதனால் சாவியைத் திருப்பினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இரண்டு நூல் கண்டுகளுக்கு நடுவே போனைச் செருகி நிறுத்தி அனுப்பினேன். முதல் தடவை சாய்ந்துவிட்டது. இரண்டாவது தடவை ஆடியது. மூன்றாவது தடவை அது சுரங்கத்துக்குள் இருக்கும்போதே டீ முடிந்த மணி அடித்து, ஆட்கள் உள்ளே வந்து உடைகளைப் பெல்ட்டில் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஓடிப்போய் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஷாட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நேராக பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

ஷாட் அருமையாக வந்திருந்தது. எந்தப் பாட்டைப் போடலாம் என்று தேட ஆரம்பித்தேன். அப்புறம் வராந்தாவில் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் போனில் பேசினேன். நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

அந்த அண்ணனைப் புது மெஷின் இறக்குவதற்காகக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குப் பதிலாக ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் உடைகளைப் பெல்ட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. ஏறக்குறைய நாற்பது நிமிடமாக அந்த இயந்திரம் எதையும் தேடாமல், வந்ததையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். பச்சை எரிந்தது.

மணிக்கொரு தரம் அதற்கு ஒரு சோதனை உண்டு. இரும்புப் பொட்டு பதித்த ஒரு அட்டையைப் பெல்ட்டின் ஒன்பது இடங்களில் வைத்து அனுப்புவார்கள். ஒன்பது தடவையும் மெஷின் நிற்கவேண்டும். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வந்து அட்டையை அனுப்பினார். ஒன்பது தடவையும் ஒழுங்காக நின்றது. நோட்டில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். ஊசி உடைந்தால் தையல் பிரிவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்கிறது? பல நாள் ஒரு தடவைகூட நிற்பதில்லை. சொன்னால் அண்ணனுக்கு வேலை போகும், அந்த ஒடிசாப் பெண்ணைத் திட்டுவார்கள் என்று அவர்கள்மேல் அக்கறை இருப்பதுபோலவும் நினைத்துப் பார்த்தேன். உண்மையில் நான் பயந்தது என் சர்டிபிகேட்டை நினைத்துத்தான்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்காமல் வேகமாக நடந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழக்கதோஷத்தில் போனை எடுத்து அந்த வீடியோவை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். பாத்ரூமில் பார்த்தபோது வெளிச்சம் வரும் இடத்தோடு நிறுத்திவிட்டிருந்தேன். இப்போதுதான் கடைசிவரை ஓடவிட்டேன். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் போன் நூல் கண்டுகளுக்கு நடுவே சுழன்றுவிட்டதால், கேமரா பின்பக்கமாகச் சுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இருட்டிலிருந்து, என் போனைத் தொடர்ந்து, யானை படம் போட்ட குட்டிச் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அந்த அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். மூன்று சட்டை வந்ததும் என் கை குறுக்கே வந்து படம் முடிகிறது.

அதை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். திருமுருகன்பூண்டி வந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். முடிவெடுத்துத்தான் இறங்கினேன் என்று சொல்ல முடியாது. கால் இறங்கிவிட்டது. திருப்பூர் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பத்து நிமிடம் கழித்து வந்த பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. அன்றைக்குப் போல அந்த அவிநாசி ரோடு நீண்டு நான் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. லாரி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

தரப் பிரிவு மேலாளர் ஒரு பெண்மணி. முதல் நாளிலிருந்து என்னைக் கண்ணு, வா, போ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போன் கொண்டுவந்தது, சாவியைத் திருப்பியது, மறந்தது, யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்தது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்குமுங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அந்த 'சொல்லுங்க'வில்தான் அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது.

வீடியோவில் நேரம் பதிவாகியிருந்தது. பதினொன்று பதினாறு. நான் திரும்பி வந்தது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது. அவர் பேக்கிங் பட்டியலை எடுத்து விரலை ஓட்டி, அந்த நேரத்தில் மூடிய பெட்டிகளின் எண்களைக் குறித்தார். பதினான்கு பெட்டிகள். சந்தேகத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மொத்தம் பதினாறு. லாரிக்காரருக்கும் முதலாளிக்கும் போன் செய்து, வண்டி ஏழரைக்குத்தான் கிளம்பும் என்றார். ஏன் என்று முதலாளி கேட்டிருப்பார் போலிருக்கிறது. "ஒரு சந்தேகமுங்க. பாத்துட்டே அனுப்பிச்சர்லாமுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் ஏற்றிய பெட்டிகள்தானே லாரியின் உள்ளே ஆழத்தில் இருக்கும்? நாங்கள் தேடியவை அங்கேதான் இருந்தன. ஏற்றியவர்களே முணுமுணுத்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினார்கள். வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்திருந்த பேக்கிங் அக்காக்கள் ஆறு பேர் பையைத் திரும்ப வைத்தார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "ரீல்ஸ் எடுக்க உங்க ஊட்ல எடமே கெடைக்கலீங்களா?" என்று கேட்டார். சத்தமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஒடிசாப் பெண் சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "மேடம், ஹம் லைட் நஹி ஜான்தா. எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று நான் சொன்னேன். மேலாளர் தலையாட்டினார். அடுத்து அவர் திரும்பியது மெஷின் அண்ணனிடம். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அண்ணன் என்னைக் காட்டிச் சொன்னார்: "தப்பு என் பேர்லயும் இருக்கு மேடம். சாவிய நாந்தான மெசின்ல விட்டுட்டுப் போனேன். அந்தப் புள்ள மேல மட்டும் எழுதாதீங்க."

அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் என் வாயாலேயே எல்லாவற்றையும் என்மேல் போட்டுக்கொண்டுவிட்டேன். அவரை மாட்டிவிடப் போகிறோமே என்று திரும்பி வந்த பஸ்ஸில் வழி முழுக்கப் பதறிக்கொண்டு வந்த எனக்கு, அவர் தானாக வந்து பக்கத்தில் நின்றது தாங்கமுடியாமல் இருந்தது.

பிறகு வேலை. பெட்டியைப் பிரித்து, கவரிலிருந்து உடையை எடுத்து, பெல்ட்டில் வைத்து, அந்தப் பக்கம் வாங்கி, மறுபடி மடித்து, மெல்லிய காகிதம் வைத்து, கவரில் போடவேண்டும். எனக்கு மடிக்கும் வேலை கொடுத்தார்கள். யானை சரியாக நடுவில் வரவேண்டும். நான் மடித்ததை ஒரு அக்கா இரண்டு தடவை பிரித்துப் போட்டார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் வைத்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஒன்பதாவது பெட்டியில் மெஷின் நின்றது. மணி அடித்தது.

அத்தனை பேர் கையும் அப்படியே நின்றுவிட்டது. மேலாளர் அப்போது பெல்ட்டில் இருந்த பன்னிரண்டு சட்டைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக அனுப்பச் சொன்னார். முதல் சட்டை போனது. இரண்டாவது. மூன்றாவது. பன்னிரண்டும் போய்விட்டன. மெஷின் நிற்கவில்லை. திருப்பி வைத்து இன்னொரு தடவை அனுப்பினார்கள். அப்போதும் நிற்கவில்லை. அண்ணன்தான் கவனித்தார். பெட்டி தூக்கி உதவ வந்திருந்த சுமைக்காரர் ஒருவர், டேப் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி சுரங்கத்தின் வாயை ஒட்டிச் சாய்ந்து நின்றிருந்தார். அவரை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, சட்டைகளை மூன்றாவது முறையும் அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோருமே சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாக நினைவில்லை.

பதினாறு பெட்டிகளிலும் ஒன்றுமே இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை.

ஏழேகாலுக்கு லாரி கிளம்பியது. அதுவரை காத்திருந்த அக்காக்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு பேரை அலைக்கழித்துவிட்டேனே என்று சொன்னபோது, ரீல்ஸ் என்று கேட்டாரே, அதே அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லீனு இப்பத்தானுங்க தெரியும். மத்தியானம் தெரியாதல்லங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மேலாளர் நடந்ததையெல்லாம் நோட்டில் எழுதி என்னிடமும் அண்ணனிடமும் கையெழுத்து வாங்கினார். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போனது. என் கல்லூரிக்குத் தகவல் போனது. துறைத்தலைவர் முன்னால் போய் நின்றேன். இன்டர்ன்ஷிப்பின் கடைசி வாரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. சர்டிபிகேட் கொடுத்தார்கள். ஆனால் அதில் வழக்கமாக எழுதும் 'மிகச் சிறப்பாக' என்ற சொல் இருக்கவில்லை. மேலாளர் என்னை மறுபடி கண்ணு என்று கூப்பிடவும் இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மூலையில் எரிகிற சின்ன விளக்கை யார் பார்ப்பார்கள்? அதன் அர்த்தம் தெரியாத ஒருவர்கூட நின்று திரும்பிப் பார்க்கும்படி ஏதாவது செய்யவேண்டும். சாவி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்வரை விடாமல் அலறுகிற ஒரு கருவியை வரைந்து மேலாளரிடம் காட்டினேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மெஷின் கம்பெனியிலிருந்து பராமரிப்புக்கு வருகிறவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்து, செய்து கொண்டு வரச் சொன்னார்.

நாலாம் ஆண்டு ப்ராஜெக்ட்டாக அதைத்தான் செய்தேன். வகுப்பில் மற்றவர்கள் ரோபோவும் டிரோனும் செய்துகொண்டிருந்தபோது நான் ஒரு அலாரத்தைச் செய்தேன். இவ்வளவுதானா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். இவ்வளவுதான். அதைப் பொருத்தும் நாளில் நாலைந்து விதமான சத்தங்களைப் போட்டுக் காட்டினேன். இருப்பதிலேயே காது கூசுகிற சத்தத்தை மேலாளர் தேர்ந்தெடுத்தார். பெல்ட் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அது அலறுகிறது. பேக்கிங் அக்காக்கள் என்னை வாழ்த்துகிறார்களா திட்டுகிறார்களா என்று தெரியாது. ஒடிசாப் பெண் இப்போது அதே மெஷினை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறாளாம். சாவி அவள் இடுப்பில் இருக்கிறதாம். அந்த அண்ணன் சொன்னார். அவர் இப்போது பேக்கிங் பிரிவுக்கே மேற்பார்வையாளர்.

என் பக்கம் இன்னும் இருக்கிறது. உடைகளுக்குப் பாக்கெட் தைக்கிறேன், சர்க்யூட் செய்கிறேன், அதைப் படமெடுத்துப் போடுகிறேன். தினமும் காலையில் தெம்பு வரி சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த வீடியோவை மேலாளர் எதிரிலேயே அழித்துவிட்டேன். இப்போது வேறொரு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு வேலையை முடித்துக் கையெழுத்துப் போடும்போது, பேனாவை எடுத்த கை சில நேரம் நின்றுவிடும். போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து போடுவேன்.

அந்த யானைச் சட்டைகள் எந்த நாட்டுக்குப் போயின என்றுகூட எனக்குத் தெரியாது. அவற்றைப் போட்டுக்கொண்டு தவழ்ந்த குழந்தைகளுக்கோ அவர்களைத் தூக்கிக் கொஞ்சியவர்களுக்கோ என்னையும் தெரியாது, ஆனால் நான் இதுவரை செய்ததிலேயே நாலு பேர் பார்க்கவேண்டும் என்று நினைக்காமல் செய்த ஒரே காரியம், திருமுருகன்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுதான்.